மார்ச் சட்டையும் ஜூன் சட்டையும்: படைவீரர் பொம்மைக்குப் பழமையூட்டும் முறை

எங்கள் வீட்டு மதிலைக் கட்டிய கொத்தனாரின் நீலச் சட்டையை நான் இரண்டு பருவங்களில் பார்த்திருக்கிறேன். மார்ச் மாத வெயிலில் அதன் தோள்கள் வெளுத்து, அக்குள் மடிப்புகளில் மட்டும் பழைய நீலம் ஒளிந்திருக்க, முதுகில் வியர்வை காய்ந்த இடத்தில் உப்பு வெள்ளைக் கோடாகப் படிந்திருந்தது. ஜூன் மாதச் சாரலில் அதே சட்டையில் உப்புக் கோடு ஒன்றுகூட இல்லை. துணி ஈரத்தில் கருத்து உடம்போடு ஒட்டியிருந்தது, சிமென்ட் தூசி படிந்த இடங்கள் சாம்பல் நிறக் கறையாகக் கரைந்திருந்தன, காலர் மடிப்பில் பூஞ்சைப் புள்ளிகள் தோன்றியிருந்தன. படைவீரர் பொம்மை ஒன்றின் கடைப் புதுமையைப் போக்கி, போர்முனையில் பல வாரங்கள் கழித்தவரைப் போல மாற்ற விரும்புகிறவர் தூரிகையைத் தொடுவதற்கு முன் மனத்தில் இருத்த வேண்டியது இந்த வேறுபாட்டைத்தான். அழுக்கு எல்லா இடத்திலும் ஒன்றன்று. ஊர், மாதம், செய்யும் வேலை ஆகியவற்றுக்கேற்ப அது மாறுகிறது.

இங்கே நான் விளக்கப்போவது ஆறில் ஒரு பங்கு அளவுள்ள, ஏறத்தாழ 30 சென்டிமீட்டர் உயரமான ஆக்‌ஷன் ஃபிகர்களுக்கு உரிய முறை. 1964-இல் அமெரிக்காவின் ஹாஸ்புரோ நிறுவனம் ஜி.ஐ. ஜோவை இந்த உயரத்தில்தான் விற்பனைக்குக் கொண்டுவந்தது. ஆண்பிள்ளைகள் பொம்மை வைத்து விளையாட மாட்டார்கள் என்ற தயக்கத்தால் பொம்மை என்ற சொல்லையே விலக்கி ஆக்‌ஷன் ஃபிகர் என்று பெயரிட்டார்கள். தொண்ணூறுகளில் நம் நாட்டில் ஃபன்ஸ்கூல் விற்ற ஜி.ஐ. ஜோக்கள் 3.75 அங்குல உயரமே கொண்டவை. அவற்றின் உடை உடம்போடு சேர்த்துப் பிளாஸ்டிக்கிலேயே வார்க்கப்பட்டிருப்பதால், பின்வரும் வண்ண வேலைகள் அவற்றுக்கும் பொருந்தும். துணி வேலைகள் பொருந்தா.

என் கைக்கு வந்தது இரண்டாம் உலகப் போரில் வட ஆப்பிரிக்கப் பாலைவனத்தில் போரிட்ட பிரிட்டிஷ் 8-ஆம் படையின் காலாட்படை வீரர். காக்கி டிரில் சட்டை, அரைக்கால் சட்டை, 1937 மாதிரி வெப்பிங் பட்டைகள் (உடைமேல் அணியும் தடித்த நெசவுப் பட்டைகள்), லீ-என்ஃபீல்டு துப்பாக்கி ஆகியவை பெட்டியிலேயே இருந்தன. இவரை 1944-இல் இன்றைய நாகாலாந்தின் கொஹிமாவில் ஜப்பானியரை எதிர்த்துப் போரிட்ட 14-ஆம் படையின் இந்திய வீரராக மாற்றுவதென்று முடிவு செய்தேன். ஜெனரல் ஸ்லிம் தலைமை தாங்கிய அந்தப் படையில் பெரும்பாலானவர்கள் இந்தியர்கள். கொஹிமாப் போர் ஏப்ரல் 4-ஆம் தேதி தொடங்கி ஜூன் 22 வரை நீடித்தமையால் அதன் பிற்பகுதி முழுவதும் மழையிலும் சேற்றிலும் நடந்தது. பாலைவன வீரர் மார்ச் சட்டைக்காரர் என்றால் கொஹிமா வீரர் ஜூன் சட்டைக்காரர். குமரி மாவட்டத்தில் இருப்பவருக்கு இரண்டு பருவமழைகளும் வாசலுக்கே வருவதால், இரண்டாவது வகை அழுக்கைப் படம் பார்த்துக் கற்க வேண்டிய தேவை இல்லை.

பொம்மையை முழுவதும் கழற்றுவதே முதல் வேலை. துப்பாக்கி, பட்டை, தலைக்கவசம், காலணி, உடை என்று ஒவ்வொன்றையும் தனித்தனி டப்பாவில் இட்டு, கழற்றும்போதே ஒவ்வொரு கட்டத்தையும் கைப்பேசியில் படமெடுத்துக்கொள்ள வேண்டும். 37 மாதிரிப் பட்டைகளின் பின்னலைப் படமில்லாமல் திரும்பப் பூட்டுவது என்னால் ஒருமுறைகூட இயன்றதில்லை. வண்ணம் பூசவிருக்கும் பிளாஸ்டிக் பாகங்களைப் பாத்திரம் துலக்கும் சோப்பு கலந்த இளஞ்சூட்டு நீரில் பழைய பல்துலக்கியால் கழுவி நிழலில் உலர்த்த வேண்டும். வார்ப்பு அச்சிலிருந்து எளிதில் கழன்றுவரத் தடவிய எண்ணெய்ப் பசை போகாவிட்டால், எவ்வளவு விலையுயர்ந்த வண்ணமும் நகத்தால் சுரண்டினாலே உரிந்துவிடும். இரு அச்சுகள் சேர்ந்த இடத்தில் தெரியும் மெல்லிய கோட்டை 600 எண் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்து நீக்கி, 1000 எண்ணால் மெருகேற்றலாம்.

தலையும் கைகளும் பெரும்பாலும் பிவிசியால் ஆனவை. அவற்றைக் குளிர்ந்த நிலையில் இழுத்தால் கழுத்து முளை முறியும். கொதித்து இறக்கிய நீரில் தலையை இரண்டு நிமிடம் அமிழ்த்தி வைத்தால் பிவிசி இளகி, மெல்லத் திருகும்போது தானே கழன்றுவரும். மாட்டும்போதும் இதே முறைதான்.

துணி

வரலாறு எனக்கு ஓர் உதவி செய்தது. பர்மாப் போர்முனைக்குரிய பச்சைச் சீருடை போதிய அளவில் கிடைப்பதற்கு முன், காக்கி டிரில் உடைகளையே இந்தியாவில் பச்சைச் சாயத்தில் முக்கி அனுப்பினார்கள். ஆகவே பெட்டியில் வந்த காக்கிச் சட்டையைப் பச்சையாக்குவது பொம்மைக்காரரின் சமாளிப்பாக இராமல் வரலாற்றுக்கு நெருங்கிய செயலாகவே அமைகிறது. சாயம் திட்டுத்திட்டாக ஏறினாலும் அதைக் குறையென்று யாரும் சொல்ல முடியாது. அரைக்கால் சட்டையை மட்டும் விட்டுவிட வேண்டியிருந்தது. குண்டுகளைவிட அதிகமாக மலேரியா ஆட்களைச் சாய்த்த அந்தக் காடுகளில் முழுக்கால் சட்டையும் முழுக்கையும்தான் உடையாக இருந்தன.

சாயமிடும் முன் உட்புறத் தையலிலிருந்து ஒரு நூலை உருவித் தீக்குச்சியில் காட்டிப் பார்க்க வேண்டும். தாள் எரியும் மணத்துடன் எரிந்து மெல்லிய சாம்பலானால் பருத்தி. உருகி முத்துப்போல் இறுகினால் பாலியெஸ்டர். பாலியெஸ்டரில் சாதாரணத் துணிச்சாயம் ஏறாது என்பதால் அதற்கு வேறு உடை தேடுவதே அறிவுடைமை. பருத்தியானால், ஒரு லிட்டர் வெந்நீரில் கால் தேக்கரண்டி பச்சைச் சாயப்பொடியும் அதில் பத்தில் ஒரு பங்கு பழுப்பும் ஒரு தேக்கரண்டி உப்பும் கலந்து, ஏற்கெனவே நனைத்த உடையை அதில் இட்டு, கொதிக்க விடாமல் இருபது நிமிடம் கிளறிக்கொண்டிருக்க வேண்டும். ஈரத்தில் தெரியும் நிறம் காய்ந்தபின் வெளிறித் தெரியும். ஆகவே விரும்பும் நிறத்தைவிடச் சற்று அடர்த்தியானவுடன் எடுத்துவிடலாம். அலசுகிற நீர் தெளிவாகும்வரை அலசியே தீர வேண்டும். மிச்சச் சாயம் பொம்மையின் பிவிசி உடம்பில் இறங்கினால் அந்தப் பச்சை எந்தச் சோப்புக்கும் போகாது. அப்படியும் ஐயம் நீங்காதவர்கள் உடம்பின் மீது மெல்லிய பாலிதீன் உறையைச் சுற்றிய பிறகே உடையை அணிவிக்கலாம்.

அடுத்தது வெளிறச் செய்தல். இதற்குச் சலவைக் காரத்தை, அதாவது குளோரின் பிளீச்சை, பரிந்துரைப்பவர்கள் உண்டு. நானும் ஒருமுறை நம்பினேன். பஞ்சுக்குச்சியால் தோளில் தொட்ட இடம் உடனே அழகாக வெளுத்தது, சரியாக அலசாமல் விட்டமையால் இரண்டு மாதம் கழித்து அதே இடம் விரல் பட்டதும் பொடிந்தது. வினிகரையோ அம்மோனியா உள்ள எதையுமோ அந்தக் காரத்துடன் கலந்தால் நச்சு வாயு எழும் என்பதையும் சேர்த்துப் பார்த்தால், அந்த வழியே வேண்டாம் என்பது என் முடிவு. அதைவிட நல்ல வழி மொட்டை மாடியில் இருக்கிறது. நீர் நிரப்பிய சிறிய கண்ணாடிப் புட்டி ஒன்றுக்குச் சட்டையை அணிவித்து, கைகளைக் கம்பியால் இயல்பாகத் தொங்கவிட்டு, கோடை வெயிலில் இரண்டு வாரம் வைத்து, நாளும் ஒருமுறை நீர் தெளித்துவந்தால், தோளும் கழுத்தடியும் கையின் மேற்புறமும் முதலில் வெளிறும்; அக்குளும் பையின் மூடிக்கு அடிப்பகுதியும் அடர்த்தியாகவே நிற்கும். உண்மையான சட்டை வெளிறும் அதே ஒழுங்கில் வெளிறுவதால் மங்கல் எங்கே விழ வேண்டும் என்று நாம் யோசிக்கும் வேலையே இல்லாமல் போகிறது. புட்டியில் நீர் நிரப்பச் சொல்வதற்கு ஒரு காரணம் உண்டு. ஆரல்வாய்மொழிக் கணவாய்க் காற்று வீசும் நாளொன்றில் நான் காலிப் புட்டியை வைத்துவிட்டு, என் வீரரின் சட்டையை அடுத்த வீட்டுப் பலாமரத்திலிருந்து கம்பு கொண்டு எடுத்தேன்.

தேய்மானத்துக்கு 400 எண் உப்புத்தாள் போதும். முழங்கால், முழங்கை, பை விளிம்பு, காலர் முனை, பட்டை அழுத்தும் தோள் ஆகிய இடங்களில் துணியை விரலால் தாங்கிக்கொண்டு ஒரே திசையில் தேய்க்க வேண்டும். துப்பாக்கியைத் தாங்கும் வலத் தோள் இடத் தோளைவிடச் சற்றுக் கூடுதலாகத் தேய்ந்திருக்கலாம். கிழிசல் ஒன்றுக்கு மேல் வேண்டியதில்லை, அதையும் பொருத்தமான நிறத்து நூலால் தைத்துவிட்டால் நன்று. படைவீரர் தம் உடையைத் தாமே தைத்துக்கொள்பவர்தானே.

கறைக்குக் கடைச் சரக்கு எதுவும் தேவையில்லை. கட்டன் சாயாவை, அதாவது பால் சேர்க்காத தேநீரை, சர்க்கரை இல்லாமல் கடுப்பாகக் கொதிக்க வைத்து ஆறவிட்டுத் தூரிகையால் காலர் உட்புறத்திலும் கைப்பட்டை விளிம்பிலும் தொட்டால், தேயிலையின் துவர்ப்புச் சத்து மெல்லிய பழுப்பாகப் படிகிறது. இதைவிட வலிமையானது வாழைக்கறை. நம் ஊரில் வாழை வெட்டுகிறவரின் துவர்த்தில் (தோள் துண்டில்) அதைப் பார்க்காதவர் இரார்: விழும்போது நிறமற்ற நீராக இருக்கும், நாளாக நாளாகக் கரும்பழுப்பாகும், எத்தனை முறை வெளுத்தாலும் போகாது. வாழைத்தண்டை வெட்டியதும் வடியும் நீரைச் சொட்டுக் கணக்கில் எடுத்து, நான்கு மடங்கு நீர் சேர்த்து, வெப்பிங் பட்டையில் கை அடிக்கடி படும் இடங்களில் இட்டுப் பார்த்தேன். முதல் நாளில் ஒன்றும் தெரியவில்லை. நான்காம் நாள் ஆண்டுக்கணக்கில் வியர்வை ஊறியதைப் போன்ற நிறம் வந்துவிட்டது. இது திரும்பப் பெற முடியாத கறை என்பதால் பழந்துணி ஒன்றில் இட்டு ஒரு வாரம் பார்த்த பிறகே பொம்மையின் உடையில் கைவைக்க வேண்டும்.

மடிப்பு விழச் செய்வதற்கும் இங்கே இடம் உண்டு. ஆறில் ஒரு பங்கு உடைக்கு எவ்வளவு மெல்லிய துணி எடுத்தாலும் அது தன் அளவுக்கு விறைப்பாகவே நிற்கும். உண்மைச் சட்டையைப் போல எடையால் தொங்காது. உடையை நனைத்துப் பொம்மைக்கு அணிவித்து, முழங்கைக் குழியிலும் முழங்காலின் பின்புறமும் கணுக்காலுக்கு மேலும் மடிப்புகளை விரலால் அழுத்தி, தையல் நூலால் தளர்வாகச் சுற்றிக் கட்டி உலர விட வேண்டும். நிலைத்து நிற்க வேண்டிய மடிப்பின் உட்புறத்தில் ஒரு பங்கு ஃபெவிகாலும் எட்டுப் பங்கு நீரும் கலந்த கரைசலைத் தடவலாம். வெளிப்புறத்தில் பட்டால் காய்ந்தபின் பளபளக்கும்.

முகம்

பெட்டியில் வந்த ஐரோப்பியத் தலையை நீக்கிவிட்டுத் தெற்காசிய முகவெட்டுள்ள வேறு தலையைப் பொருத்தினேன். அதன் தோல் நிறம் மட்டும் மரப்பாச்சியைப் போல ஒரே பழுப்பாக இருந்தது. பழுப்புடன் கறுப்பைக் கலந்து நிழலும் வெள்ளையைக் கலந்து ஒளியும் இடுவதுதான் இங்கே பலரும் செய்யும் பிழை. அவ்வாறு செய்தால் தோல் சாம்பல் பூத்து நோயாளியைப் போல ஆகிவிடும். கண்குழி, மூக்கோரம், தாடையின் அடி ஆகிய நிழல்களுக்குப் பழுப்புடன் செம்பழுப்பையும் துளி ஊதாவையும் சேர்க்க வேண்டும். நெற்றி, கன்னமேடு, மூக்குத்தண்டு ஆகிய ஒளிகளுக்குக் காவி மஞ்சளைச் சேர்க்க வேண்டும். வண்ணம் பால்போல நீர்த்திருக்க, ஒவ்வொரு பூச்சும் நன்கு காய்ந்த பிறகே அடுத்ததை இட்டு, ஐந்தாறு பூச்சுகளில் நிறத்தைக் கட்டி எழுப்புவதே முறை. வலேயோ போன்ற நீர்வழி அக்ரிலிக் இதற்கு மிக ஏற்றது; ஃபெவிக்ரில் வண்ணங்களாலும் முடியும், ஆனால் அவற்றின் நிறத்துகள் சற்றுப் பருமனானதால் இன்னும் நீர்க்க வைத்துப் பூச்சுகளின் எண்ணிக்கையைக் கூட்ட வேண்டும். வெள்ளையரை உருவாக்குகிறவர்கள் அறிய வேண்டிய நுட்பம் ஒன்று உண்டு: மலேரியாவைத் தடுக்க அன்றாடம் விழுங்கிய மெபாக்ரின் மாத்திரை தோலை மஞ்சளாக்கியது. ஆகவே அவர்கள் முகத்தில் மிக மெல்லிய மஞ்சள் மேற்பூச்சு ஒன்றை இடுவது பொருந்தும்.

எண்ணெய்வழி எனாமலைப் பிவிசி முகத்திலோ கையிலோ நேரடியாகப் பூசக் கூடாது. பிவிசியை மென்மையாக வைத்திருக்கும் பொருள் மேலே கசிந்து எனாமலை உலர விடாது. நான் அவ்வாறு பூசிய ஒரு கை ஆறு மாதம் கழித்தும் தொட்டால் விரலில் ஒட்டியது.

இரும்பும் பித்தளையும்

துப்பாக்கியில் துரு பூசுவதைப் போலப் பரவலான தவறு வேறில்லை. படைவீரர் உணவை மறந்தாலும் துப்பாக்கியைத் துடைக்க மறவார். துரு பிடித்த துப்பாக்கி அவருக்குத் தண்டனையையும் தரும், சாவையும் தரும். அவர் கையில் அது தேய்ந்திருக்கும், துருப்பிடித்திராது. எனவே உலோகப் பகுதிக்கு மட்ட (பளபளப்பில்லாத) கறுப்பு பூசி, 4பி பென்சிலின் கரித்தூளை விரல் நுனியில் தொட்டு, குழல் வாய், போல்ட்டின் குமிழ், தோட்டாப் பெட்டியின் அடி விளிம்பு ஆகிய இடங்களில் தேய்த்தால், கறுப்புக்கு அடியிலிருந்து எஃகு எட்டிப் பார்ப்பதைப் போன்ற மங்கிய மினுமினுப்பு வரும். வெள்ளி வண்ணத்தால் இதைச் செய்யவே முடியாது. மரப்பகுதிக்கு இளம்பழுப்பு அடித்தளமிட்டு, அது நன்கு காய்ந்தபின் பர்ன்ட் அம்பர் என்னும் கரும்பழுப்பு எண்ணெய் வண்ணத்தை மெல்லத் தடவி, காய்ந்த தட்டைத் தூரிகையால் மரநாரின் திசையில் இழுத்துத் துடைக்க வேண்டும். கை பிடிக்கும் இடமும் கன்னம் சாயும் இடமும் லின்சீட் எண்ணெயும் வியர்வையும் ஏறிக் கருத்திருக்க வேண்டும்.

துருவுக்கு உரிய இடங்கள் வேறு: மண்வெட்டித் தகடு, உணவுத் தட்டின் மூலை, தலைக்கவசத்தில் வண்ணம் உரிந்த பகுதி. தலைக்கவசத்துக்கு நம் மாவட்டத்தில் எளிதில் கிடைக்கும் பொருளொன்று கைகொடுத்தது. வண்ணக்காரர்கள் மறைப்புத் திரவம் என்று சிறு புட்டியில் அதிக விலைக்கு விற்பது பெரும்பாலும் அம்மோனியா கலந்த ரப்பர் பால்தான். குலசேகரம் பக்கம் தோட்டம் வைத்திருக்கும் உறவினர் ஒருவர் உறையாமல் இருக்க அம்மோனியா சேர்த்த பாலை எனக்குப் பாதிக் குப்பி தந்தார். கவசத்தின் மீது முதலில் கரும்பழுப்புத் துருநிறம் பூசி உலர்த்தி, கிழித்த ஸ்பாஞ்சுத் துண்டை ரப்பர் பாலில் தொட்டு விளிம்புகளில் புள்ளியாக ஒற்றி, அது காய்ந்தபின் பச்சை வண்ணத்தை முழுமையாகப் பூச வேண்டும். பச்சை காய்ந்ததும் விரலால் உருட்டினால் ரப்பர் சுருண்டு வந்துவிடும். அடியிலிருக்கும் துரு உண்மையிலேயே வண்ணம் உரிந்த வடிவத்தில் வெளிப்படும். நல்ல தூரிகையை ரப்பர் பாலில் முக்கக் கூடாது, துணிப் பாகங்களின் அருகே கொண்டுசெல்லவும் கூடாது. ரப்பர் பால் பட்ட சட்டையின் கதி என்னவென்று பால்வெட்டும் வீட்டார் அறிவார்கள்.

இங்கே அளவைப் பற்றிச் சொல்லியாக வேண்டும். பொம்மையில் 1 மில்லிமீட்டர் புள்ளி உண்மையில் 6 மில்லிமீட்டர் உரிசலுக்குச் சமம். பல்குச்சி முனையால் அலட்சியமாக இட்ட பொட்டு மூன்று மில்லிமீட்டர் என்றால், உண்மைக் கவசத்தில் ஏறத்தாழ இரண்டு சென்டிமீட்டர் பெயர்ந்திருக்கிறது என்று பொருள். அப்படிப் பத்து இடத்தில் பெயர்ந்த கவசத்தை எந்தக் கிடங்கும் பயன்பாட்டில் விட்டிருக்காது. புள்ளி இட்டபின் ஆறால் பெருக்கிப் பார்ப்பதை நான் வழக்கமாக்கிக்கொண்டேன்.

37 மாதிரிப் பட்டைகளின் கொக்கிகளும் முனைகளும் பித்தளையால் ஆனவை. பொம்மையில் அவை தங்கம்போல மின்னும். முட்டத்திலோ குளச்சலிலோ கடற்கரை வீடொன்றின் குத்துவிளக்கை ஒரு வாரம் துலக்காமல் வைத்தால் என்னவாகும் என்பதை நினைத்துக்கொண்டு பழுப்பு வண்ணத்தைப் பத்து மடங்கு நீரில் கரைத்து, துளி சோப்புச் சேர்த்துக் கொக்கிகளின் மீது வழிய விட வேண்டும். அது பள்ளங்களில் தேங்கி மேட்டில் மெலியும். விளக்கின் வார்ப்புப் பள்ளத்தில் பச்சையாகத் திரளும் களிம்பைப் போல, நீலப்பச்சையில் ஊசிமுனை அளவு ஒன்றிரண்டு கொக்கிகளின் மூலையில் மட்டும் வைக்கலாம். எல்லாக் கொக்கியிலும் வைத்தால் அது அலங்காரமாகிவிடும்.

சேறு

முன்னே செய்த எல்லா வேலையையும் கெடுக்கவும் எடுத்துநிறுத்தவும் வல்லது இந்தக் கட்டம். உண்மையான மண்ணையே பயன்படுத்தலாம் என்பது என் கருத்து, ஆனால் எந்த மண் என்பதில் கவனம் வேண்டும். கடற்கரை மணல் இரண்டு காரணங்களால் உதவாது: அரை மில்லிமீட்டர் பருமணல் இந்த அளவில் மூன்று மில்லிமீட்டர் சரளைக்கல்லாகத் தோன்றும், அதிலுள்ள உப்பு ஈரத்தை இழுத்து உலோகக் கொக்கிகளை அரிக்கும். மணவாளக்குறிச்சிப் பக்கத்துக் கருமணலின் மினுமினுப்பு கண்ணைக் கவர்ந்தாலும் அதில் இல்மனைட்டுடன் கதிரியக்கத் தோரியம் கொண்ட மோனசைட்டும் இருப்பதால் அதை வீட்டுக்குள் கொண்டுவர வேண்டாம். மேற்குப் பகுதிச் செம்மண் தனியாக நின்றால் விளக்கொளியில் துருவைப் போலத் தெரியும். வயல் வண்டலைச் சரிபாதி சேர்த்தால் மழையில் ஊறிய மலைக்காட்டு மண்ணின் பழுப்பு வருகிறது. அந்தக் கலவையைப் பழைய இரும்புச் சட்டியில் பத்து நிமிடம் வறுத்தால் அதிலுள்ள வேரும் பூஞ்சையும் மடியும். பின்பு அம்மியில் நைத்துப் பழைய வேட்டித் துணியில் சலித்துப் பொடியாக எடுக்கலாம். சலிக்கும்போது மூக்கை மறைத்துக்கொள்வது நல்லது.

சேறு ஒரே நாளில் படிந்ததாகத் தெரியக் கூடாது. மூன்று நாட்களின் சேறு வேண்டும். முதலில் பொடியை நீருடன் மட்டும் குழைத்துத் துணியில் அழுத்தித் தேய்த்து, காய்ந்தபின் பெரும்பகுதியைப் பல்துலக்கியால் உதறிவிட்டால், நெசவுக்குள் நிற்கும் மிச்சம்தான் பழைய சேறு. அதன்மீது, பொடியுடன் மங்கல் அக்ரிலிக் மீடியம் (நிறமற்ற பிணைப்புத் திரவம்) கலந்து, முந்தையதைவிடக் குறைந்த பரப்பில் இடுவது நேற்றைய சேறு. மிகக் குறைந்த இடத்தில், காலணி அடியிலும் முழங்காலின் நடுவிலும், பர்ன்ட் அம்பர் சேர்த்துக் கருமையாக்கி, காய்ந்தபின் மேலே சிறிது பளபளப்பு வார்னிஷ் தொட்டால் அது இன்றைய ஈரச் சேறு.

எங்கே படியும் என்பதற்கு மழைநாளில் வயல் வரப்பில் நடந்துவிட்டு வந்து நம் கால்களையே பார்க்கலாம். ஒரு கால் மற்றொன்றை உரசிச் செல்வதால் கணுக்காலின் உட்புறம் வெளிப்புறத்தைவிட அழுக்காகிறது. கெண்டைக்காலின் கீழ்ப்பகுதியில் சேறு திரள்கிறது. ஆனால் பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகளின் முதுகு வரை தெறித்திருக்கும் புள்ளிகளைப் பார்த்து மயங்கிவிடக் கூடாது. அது செருப்பு அடித்த சேறு. குதிகாலோடு சேராமல் தொங்கும் செருப்புதான் சேற்றை மேலே வீசும். இறுகக் கட்டிய ராணுவக் காலணி அவ்வாறு வீசாது. நான் முதலில் செய்த வீரரின் முதுகில் இருந்த புள்ளிகளைப் பார்த்து, ராணுவத்திலிருந்து ஓய்வு பெற்ற என் மாமா, "இவன் என்ன, ஹவாய் செருப்பு போட்டுக்கிட்டா சண்டைக்குப் போனான்?" என்று கேட்டதும்தான் எனக்கு இது உறைத்தது. படுத்து ஊர்ந்த வீரருக்கு முழங்கை, முழங்கால், வயிறு, தோட்டாப் பைகளின் முன்பக்கம் ஆகியவை சேறாகும். முதுகில் மழையீரம் மட்டுமே இருக்கும். உப்புக் கோடு கொஹிமாவின் மழையில் நில்லாது. பாலைவன வீரராகவே வைத்துக்கொள்கிறவர்கள் வெள்ளை நீர்வண்ணப் பென்சிலை நனைத்து முதுகிலும் தொப்பிப் பட்டையிலும் ஒழுங்கற்ற கோடாக இடலாம்.

தூசி எல்லாவற்றுக்கும் கடைசி. கேம்லின் சாக் பாஸ்டல் கட்டியைக் கத்தியால் சுரண்டிப் பெறும் தூளை மென்தூரிகையால் மடிப்புகளில் வைப்பது வறண்ட நிலத்து வீரருக்கு உயிர்நாடி. மழைக்கால வீரருக்கு ஏறத்தாழ வேண்டாத ஒன்று. தூள் வைத்தபின் அதன்மீது வார்னிஷ் அடித்தால் பாதி மறைந்துவிடும், ஆகவே வார்னிஷ் முன்னும் தூள் பின்னும் வர வேண்டும்.

வார்னிஷைப் பொறுத்தவரை நம் மாவட்டத்துக்கென்று தனி எச்சரிக்கை உண்டு. இடவப்பாதி மழை (தென்மேற்குப் பருவமழை) பிடித்துக்கொண்ட ஒரு மாலையில், அவசரத்தில், தலைக்கவசத்துக்கும் துப்பாக்கிக்கும் மட்ட வார்னிஷ் ஸ்பிரே அடித்தேன். காற்றிலிருந்த ஈரம் உலரும் பூச்சுக்குள் சிக்கி, பத்து நிமிடத்தில் இரண்டும் மாவு தூவியதைப் போல வெளுத்தன. அழித்துவிட்டு மீண்டும் தொடங்க மனமில்லாமல், பத்து நாள் காத்திருந்து, வெயில் வந்த நண்பகலில் மெல்லிய பளபளப்புப் பூச்சு ஒன்றை அடித்ததும் வெண்மை கரைந்து நிறம் திரும்பியது. அது காய்ந்தபின் மட்டப் பூச்சை மீண்டும் அடித்தேன். மழைக்காலத்தில் ஸ்பிரேயைத் தொடாமல் தூரிகையால் பூசும் நீர்வழி வார்னிஷைப் பயன்படுத்துவதே நல்லது. எண்ணெய் வண்ணமும் இங்கே ஒரே நாளில் உலராது, ஜூன் முதல் நவம்பர் வரை மூன்று நான்கு நாள் விட்டுத்தான் அடுத்த வேலை.

எல்லாவற்றையும் திரும்ப அணிவிக்கும்போது உள்ளிருந்து வெளியே என்ற வரிசையில் சென்று, பட்டைகளைக் கடைசியில் இறுக்க வேண்டும். வண்ணம் பூசிய கையில் துப்பாக்கியைத் திணிக்காமல், முடி உலர்த்தியால் விரல்களை இளக்கி விரித்து, பிடியில் வைத்துக் குளிரவிட்டால் பூச்சில் விரிசல் விழாது. முடிந்த பொம்மையை மேற்குச் சன்னல் வெயில் படாத கண்ணாடி அலமாரியில், சிலிக்கா ஜெல் பொட்டலம் இரண்டுடன் வைப்பது வழக்கம். ஐப்பசி மழை தொடங்கியதும் மாதம் ஒருமுறை கதவைத் திறந்து முகர்ந்து பார்ப்பேன். பூஞ்சை மணம் வந்தால் தோல் காலணியையும் பட்டைகளையும் கழற்றி ஒரு பகல் காற்றாட வைத்துவிட்டு, பொட்டலத்தை மாற்றிக் கதவை மூடுவேன்.